கூந்தலும் அகவையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், மாதர் அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)

     

நான் புலவனல்லன், மருத்துவனுமல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்து, பயணச்சீட்டுக்கும் பதிவேட்டுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன். "அகவை முதிர்ந்த பெண்கள் நீண்ட கூந்தலைப் பேண வேண்டுமா?" என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் பணித்தபோது, இது பெண்களே பேச வேண்டிய பொருளாயிற்றே என்று தயங்கினேன். மாதர் பிரிவைச் சேர்ந்த மூத்த அம்மையார் ஒருவர் அருகிலிருந்தார். "இதில் சிக்கை உண்டாக்கியவர்கள் ஆண்கள்தாமே, அவர்களில் ஒருவரே வந்து சிக்கெடுக்கட்டும்" என்றார். அந்தக் கட்டளையைத் தலைமேற்கொண்டு இம்மேடையில் நிற்கிறேன்.

பெரியோர்களே! இது வேலையற்ற பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். கூலி உயர்வு, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுப் பட்டா என்று எத்தனையோ பொருள்கள் இருக்க, மயிரைப் பற்றியா ஒரு சொற்பொழிவு என்று கேட்கக்கூடும். அண்மையில் நம் காலனியில் நடந்த ஒன்றை நினைவூட்டினால் அந்த ஐயம் நீங்கும். பெயர் வேண்டா, உங்களில் பலர் அறிவீர்கள். பொன்முடி அடிவாரத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்த தாயார் ஒருவர், அறுபதைக் கடந்தவர். வலத் தோள் இறுகிப்போய், கையைக் காதுக்கு மேல் தூக்க இயலாத நிலை. தாமே சீவி முடிய முடியவில்லை. மகளோ விடியுமுன் நெடுமங்காட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவள். ஆகவே தாயின் விருப்பப்படியே, மகள் அவருடைய கூந்தலைக் கழுத்தளவாகக் கத்தரித்துவிட்டாள். அடுத்த வாரம் ஒரு திருமணம். மணமக்களுக்கு ஆலத்தி எடுக்க அந்தத் தாயார் தட்டைக் கையில் ஏந்தியபோது, உறவினர் ஒருவர் அதை மெல்ல வாங்கிக்கொண்டு, "கணவன் இருக்கும்போதே முடியைக் கழித்தவர் கையால் ஆலத்தி வேண்டாம், அத்தை" என்றார். அத்தாயார் மறுமொழி கூறவில்லை. பின்கட்டுக்குச் சென்று பாத்திரம் துலக்கத் தொடங்கினார். அவருடைய கணவரோ அந்நேரம் பந்தியில் முதல் வரிசையில் அமர்ந்து, நலமாகப் பாயசம் அருந்திக்கொண்டிருந்தார்.

ஒரு பெண்ணின் முப்பது ஆண்டு உழைப்பையும், அவர் பெற்று வளர்த்த மக்களையும், அவர் தாங்கிய குடும்பத்தையும் ஒரு கத்தரிக்கோல் அழித்துவிடுமானால், அதைப் பற்றி ஒரு சங்கம் பேசத்தான் வேண்டும். ஆகவே பேசுகிறேன்.

முதலில் தமிழரின் கூந்தற் பற்றைச் சிறிது காண்போம். பெண்ணின் கூந்தலை ஐந்து வகையாக முடிக்கலாம் என்று கண்டு, அதற்கு 'ஐம்பால்' என்றே பெயர் சூட்டியவர்கள் நம் முன்னோர். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு, காதலியின் கூந்தலினும் மணமுள்ள பூ உண்டோ என்று வண்டினிடம் கேட்கும் பாட்டு. அப்பாட்டை வைத்தே, பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா இல்லையா என்று மதுரைச் சங்கத்தில் இறைவனோடு நக்கீரர் வாதிட்டதாகத் திருவிளையாடற் கதை கூறுகிறது. கண்ணகி தலைவிரி கோலமாகப் பாண்டியன் அவைக்குச் சென்றாள். பாஞ்சாலி தன் கூந்தலை முடியாமல் சபதம் செய்தாள். அவர்களுடைய வாயோடு கூந்தலும் நீதி கேட்டது. இத்துணைப் பெருமை வேறெந்த உறுப்புக்கும் நம் இலக்கியத்தில் இல்லை என்றே கூறலாம். ஆயினும் ஒன்று கேட்கிறேன்: கூந்தலின் அழகைப் பாடியோர் ஆயிரவர், அதை நாள்தோறும் அலசி, உலர்த்தி, சீவி, முடியும் கைகள் வலிக்கின்றனவா என்று கேட்டவர் எத்தனை பேர்?

அதே இலக்கியத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. புறநானூற்றின் 250 ஆம் பாட்டைப் பாருங்கள். கணவனை இழந்த மனைவி, கூந்தல் கொய்யப்பட்டு, வளை களைந்து, அல்லி அரிசியை உண்டு வாழும் காட்சி அதில் வருகிறது. அந்தப் பழக்கம் பிற்காலத்தில் சில குலங்களில் இன்னும் கடுமையாகி, கணவனை இழந்த பெண்ணின் தலையை மழிப்பதும், திங்கள்தோறும் அதை மீண்டும் மழிப்பதும், அவளை வெள்ளை அல்லது காவிப் புடவைக்குள் மூடி மூலையில் அமர்த்துவதும் என்றாயிற்று. பத்து வயதும் நிறையாத சிறுமியருங்கூட அக்கத்திக்குத் தப்பவில்லை.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கணவன் இருக்கும்வரை, 'வெட்டாதே' என்பது ஒரு கட்டளை. கணவன் மறைந்தால், 'வைத்திராதே' என்பது மறு கட்டளை. ஒன்று வளர்க்கச் சொல்கிறது. மற்றொன்று மழிக்கச் சொல்கிறது. பார்வைக்கு முரண்போலத் தோன்றினும் இரண்டும் ஒரே வாயிலிருந்து பிறந்தவை. தலை அவளுடையது, அதன்மேல் அதிகாரம் பிறருடையது. கல்யாண வீட்டில் நம் உறவினர் சொன்ன 'கழித்தவர்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அந்தச் சொல்லுக்குள் இருப்பது கைம்மையைப் பற்றிய பழைய அச்சம். இன்னும் ஒரு படி மேலே சென்று கேட்கிறேன். உண்மையிலேயே கணவனை இழந்த பெண்ணாக இருந்தால்தான் என்ன? அவள் ஏந்தும் சுடர் ஒளி தராதா? துயரத்தை அடைந்தவள் எப்படித் துயரத்துக்குக் காரணமாவாள்?

இந்தக் கத்தியை எதிர்த்தவர்கள் நம் நாட்டில் இருந்தனர். 1890 ஆம் ஆண்டில் பம்பாயில் நாவிதர்களே ஒன்றுகூடி, கைம்பெண்களின் தலையை இனி மழிப்பதில்லை என்று முடிவெடுத்தனர். கற்றறிந்தோர் பலர் சாத்திரம் தேடிக்கொண்டிருந்த காலத்தில், கத்தியைக் கையில் பிடித்த எளியவர்கள் அந்தக் கத்தியைக் கீழே வைத்தார்கள் என்பது எண்ணி மகிழத்தக்கது. தமிழகத்தில் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் 1886 ஆம் ஆண்டில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே மணமாகிச் சிறுமியாக இருந்தபோதே கணவனை இழந்தார். அவர் தலையை மழிக்க அவருடைய குடும்பத்தார் உடன்படவில்லை, பள்ளிக்கு அனுப்பினர். 1911 ஆம் ஆண்டில் அவர் சென்னையில் பட்டம் பெற்றார். பின்னர், தம்மைப் போன்ற இளங்கைம்பெண்களுக்குச் சென்னைக் கடற்கரை ஐஸ் ஹவுஸ் மாளிகையில் விடுதி நடத்தி, அவர்களை ஆசிரியைகளாக உயர்த்தினார். 1958 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. ஒரு குடும்பம் ஒரு சிறுமியின் கூந்தலைக் காத்தது. அச்சிறுமி பல நூறு பெண்களின் வாழ்வைக் காத்தார்.

தந்தை பெரியாரோ மறுபக்கத்திலிருந்து வந்தார். பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும், அதைப் பேணும் நேரத்தையும் உழைப்பையும் அறிவுக்கும் தொழிலுக்கும் செலவிட வேண்டும் என்று எழுதினார், பேசினார். சுப்புலட்சுமி அம்மையாரின் குடும்பம் கூந்தலைக் காத்தது. பெரியார் அதைக் குறைக்கச் சொன்னார். இவர்கள் பகைப்புலத்தவர் என்று மேலோட்டமாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண்ணின் தலைமேல் மற்றவர் வைத்திருந்த கையை எடுக்கச் சொன்னதில் இருசாராரும் ஒரே சாரார்தாம்.

இனி, 'முடியை வெட்டுவது மங்கலக் குறைவு' என்னும் வாதத்தைப் பார்ப்போம். இதற்கு நான் வெளியே போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து பாலக்காடு, பொள்ளாச்சி வழியாகப் பழனிக்குச் செல்லும் அமிர்தா விரைவு வண்டியில் நம்மவர் எத்தனை பேர் சென்று வருகிறோம்! போகும்போது பின்னலும் பூவுமாகச் செல்லும் பெண்கள், திரும்பும்போது மழித்த தலையில் சந்தனம் பூசி வருவதைக் காணாதவர் உண்டா? முழுமுடி கொடுக்க இயலாதவர்கள் பூமுடி கொடுத்து வருகிறார்கள். அவர்களில் சுமங்கலிகள் இல்லையா? மகனுக்கு நோய் தீர்ந்தால் முடி தருகிறேன் என்று வேண்டிக்கொண்ட தாய்மார்கள் இல்லையா? திருப்பதியிலும் அப்படியே. அங்கெல்லாம் குவியும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு, கடல் கடந்து போய், பொய்ம்முடியாகிப் பிற நாட்டுப் பெண்களின் தலையை அணிசெய்கிறது. முருகனுக்காக மழித்தால் மங்கலம். முதுகுவலிக்காகக் குறைத்தால் அமங்கலம் என்றால், அந்த மங்கலம் முடியில் இல்லை என்றுதானே பொருள்? பிள்ளையின் நோய்க்காக முடி கொடுத்த தாய்க்குத் தன் தோள்நோய்க்காக முடி குறைக்க உரிமையில்லையா? பெற்ற தாயின் வலியைப் பொறுக்குமாறு முருகன் ஒருபோதும் கேட்டதில்லை.

ஆண்களாகிய நம் கதையையும் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். நம் பாட்டன்மார் குடுமி வைத்திருந்தார்கள். கிராப்பு வந்தபோது, குலம் கெட்டது, தருமம் அழிந்தது என்று அலறியவர்கள் இருந்தார்கள். இன்று இந்தப் பந்தலில் இருக்கும் ஆண்களில் எத்தனை பேர் குடுமியோடு இருக்கிறீர்கள்? கைதூக்கச் சொன்னால் கைகளைத் தேட வேண்டியிருக்கும்! நாம் குடுமியை எடுத்தோம். எவரும் நம் கையிலிருந்து தாம்பாளத்தைப் பிடுங்கவில்லை. சீன நாட்டில் மஞ்சு அரசர்கள் 1645 ஆம் ஆண்டில், ஆடவர் அனைவரும் முன்தலையை மழித்துப் பின்னல் வைக்க வேண்டும், மறுப்போர் தலையிழப்பர் என்று ஆணையிட்டனர். 1912 இல் அந்த அரசு வீழ்ந்தது, பின்னல்களும் வீழ்ந்தன. முடியைப் பற்றிய ஆணைகள் எங்கே பிறந்தாலும், யார் யாரை ஆள்வது என்பதைக் காட்டவே பிறந்திருக்கின்றன.

இனி உடலின் நிலையைக் கூறுகிறேன். இது மருத்துவர்கள் எழுதியும் பேசியும் நான் அறிந்தது. மனிதர் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. ஒரு முடி திங்களுக்குச் சற்றேறக்குறைய 1 செண்டிமீட்டர் வளர்கிறது. ஒவ்வொரு முடிக்கும் ஒரு வளர்பருவம் உண்டு. அது 2 முதல் 6 ஆண்டுகள் நீடிக்கும். பிறகு அம்முடி ஓய்ந்து உதிர, அவ்விடத்தில் புதியது முளைக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பே. வயது ஏற ஏற அந்த வளர்பருவம் குறுகுகிறது, முடியும் மெலிகிறது. மாதவிலக்கு நிற்கும் பருவத்தில், பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள், உடலில் நேரும் மாறுதலால் இது விரைவுபடுகிறது. ஆகவே, இருபதில் இடுப்பைத் தொட்ட பின்னல் அறுபதில் தோளைத் தாண்டவில்லையென்றால், அது அந்தப் பெண்ணின் குற்றமுமன்று, எண்ணெயின் குற்றமுமன்று. ஆனால் திடீரென்று கொத்துக் கொத்தாக உதிர்ந்தால், இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவோ தைராய்டுக் கோளாறோ இருக்கலாம். அப்போது கடைத்தெருப் புட்டி எண்ணெய்க்குக் காசு கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரே இடத்தில் இறுக்கி இறுக்கிக் கொண்டையிட்டாலும், அவ்விடத்து மயிர்க்கால்கள் நாளடைவில் நலிந்து போகும். தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக்கூடை சுமந்த நம் தாய்மார்களில் சிலருக்கு உச்சியில் முடி மெலிந்திருப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

தோள் இறுகும் நோயும் 40 வயதுக்கு மேல் பெண்களுக்கு மிகுதி. நீரிழிவு உடையோருக்கு இன்னும் மிகுதி. இதோடு நம் ஊரின் வானிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விதுராவில் இடவப்பாதி தொடங்கினால் துலாமாத மழை ஓயும்வரை வெயிலைத் தேடி அலைய வேண்டும். அடர்ந்த ஈரக்கூந்தலைச் சாம்பிராணிப் புகையில் காட்டி, கோதிக் கோதி உலர்த்துவதற்குள் அரைப்பொழுது போய்விடுகிறது. ஈரத்தோடு முடிந்தால் நாற்றமும், தலையரிப்பும், தலைக்கனமும். இளமையில் இதைத் தாங்கும் உடல் முதுமையில் தாங்குவதில்லை. நான் பணிபுரியும் இரயில்வேயில் ஒரு விதி உண்டு: 45 வயதுக்கு மேற்பட்ட பெண் பயணிகளுக்கென்று கீழ்ப்படுக்கைகளில் ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. ஆண்களுக்கு அந்த ஒதுக்கீடு 60 வயதில்தான். பெண்ணின் உடல் அந்த வயதில் ஏறி இறங்கத் தளர்கிறது என்பதை எங்கள் அலுவலகத்து விதிப்புத்தகமே ஒப்புக்கொள்கிறது. வீடு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இதுவரை கேட்டவர்கள், நான் எல்லாத் தாய்மார்களையும் நாளைக்கே முடிவெட்டும் கடைக்கு அனுப்பப் போகிறேன் என்று எண்ணிவிட வேண்டா. மறுபக்கத்துக் கொடுமையையும் சொல்லாமல் இறங்கினால் என் பேச்சு நொண்டியாகிவிடும்.

எழுபது கடந்தும், எலிவால்போல் மெலிந்து வெளுத்த பின்னலைத் தாமே சீவி, நுனியில் ஒரு முழம் மல்லிகை வைத்துக்கொள்ளும் மூதாட்டியர் நம்மிடையே உண்டு. "இந்த வயதில் பின்னலும் பூவும் எதற்கு?" என்று சிரிக்கும் மருமக்களும் பேத்திகளும் உண்டு. ஔவையாரை நரைத்த தலையோடு நிறுத்தி வைத்து வணங்குகிறோம். வீட்டிலிருக்கும் ஔவையின் நரையைப் பார்த்து நகைக்கிறோம். சாயம் பூசச் சொல்லி வற்புறுத்துவோரும் உண்டு. அச்சாயம் சிலருக்குத் தோலில் அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. பூ வைத்துக்கொள்வதற்கு எந்த அலுவலகமும் ஓய்வு வயது விதித்ததில்லை. நீண்ட கூந்தல் ஒரு பெண்ணுக்கு மகிழ்ச்சி தருமானால், நூறு வயதிலும் அதை அவர் வைத்திருக்கட்டும். சீவிவிடப் பேத்தியின் கை இருக்கட்டும்.

இதனினும் துயரமானது ஒன்று உண்டு. படுத்த படுக்கையான தாயை அல்லது மாமியாரைப் பேணும் வீடுகளில், கழுவித் துடைக்க எளிதாக இருக்கட்டும் என்று, ஒரு நாள் காலையில் முடியை ஒட்டக் கத்தரித்துவிடுவார்கள். பேணுவோரின் இடர் எனக்குத் தெரியும். அதை நான் குறைவாக மதிக்கவில்லை. படுக்கைப் புண்ணும் சிக்கும் பேனும் பெரும் தொல்லைகள். கத்தரிப்பது பலவேளை நல்லதே. ஆனால் அந்தத் தாயிடம் ஒரு சொல் கேட்டோமா? நாக்குத் தடுமாறினாலும் அவர் கண்ணுக்குக் கேள்வி விளங்கும். கேளாமல் வெட்டினால், கட்டிலில் கிடப்பவர் மனிதர் என்பதையே மறந்தவர்களாகிறோம். 'வெட்டாதே' என்று அதட்டுவதும், கேளாமல் வெட்டுவதும் ஒரே தவற்றின் இரு முனைகள். திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு நம் பகுதியிலிருந்து மருத்துவத்துக்குச் செல்வோர் பலர். அங்கே மருந்தின் வேகத்தால் முடி உதிரும்போது, உயிரைவிடப் பெரிதாக அதற்காக அழும் பெண்களும் உண்டு. "முடிதானே, வளர்ந்துவிடும்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மருத்துவம் முடிந்து சில திங்களில் பெரும்பாலோருக்கு அது வளர்வது உண்மையே. ஆயினும் அந்த அழுகையைக் கேலி செய்யும் உரிமை நமக்கில்லை. நெடுங்காலம் கூந்தலைக் கொண்டே பெண்ணை மதித்த நாம்தாம் அந்த அழுகைக்கு வித்திட்டவர்கள்.

அந்த வித்தை ஒரு பெண்மணி எப்படிப் பறித்தெறிந்தார் என்று கேளுங்கள். திருச்சூர் மாவட்டம் இரிஞ்ஞாலக்குடாவில் பணியாற்றிய அபர்ணா லவகுமார் என்னும் காவல் அலுவலர், நாற்பதைக் கடந்தவர், நெடுங்கூந்தல் உடையவர். புற்றுநோயால் முடியிழந்த பள்ளிப் பிள்ளைகள் படும் வேதனையை உணர்ந்து, 2019 செப்டம்பரில் தம் கூந்தல் முழுவதையும் மழித்து, நோயாளிகளுக்குப் பொய்ம்முடி செய்யக் கொடுத்தார். காவல் உடையும் மழித்த தலையுமாக அவர் நின்ற படத்தைப் பார்த்துக் கேரளமே வணங்கியது. அமங்கலம் என்று எவரும் சொல்லவில்லை. ஏன்? அந்த முடிவு அவருடையது. தம் மனமறிந்து வளர்த்தார். தம் மனமறிந்தே கொடுத்தார்.

'வழக்கத்தை மாற்றினால் ஊர் என்ன ஆகும்?' என்று கவலைப்படும் பெரியோர்களுக்கு ஒரு சொல். நாம் வாழும் இந்த மண்ணைப் பற்றியே கூறுகிறேன். பழைய திருவிதாங்கூரில், தென்பகுதியின் தமிழ்ப் பெண்கள் பலர் மேலாடை அணிவதற்கே தடை இருந்தது. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின், 1859 ஆம் ஆண்டில் நாடார் குலப் பெண்கள் மேனியை மறைத்துக்கொள்ள அரசு இசைந்து ஆணை பிறப்பித்தது. அன்று, ஒழுங்கு கெட்டுவிடும் என்று அஞ்சியவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று அந்தத் தடையை நினைத்து நாணுகிறார்கள். அவ்வளவு தொலைவும் போக வேண்டாம். நம் விதுராவுக்கு மேலே, போனக்காட்டிலிருந்து வழி தொடங்கும் அகத்தியர்கூடத்துக்குப் பெண்கள் ஏறக்கூடாது என்றிருந்த தடையைக் கேரள உயர்நீதிமன்றம் 2018 இல் நீக்கியது. 2019 சனவரியில் பெண்கள் ஏறினார்கள். மலை அங்கேயே நிற்கிறது. அகத்தியரும் அங்கேயே இருக்கிறார். மழையும் காலந்தவறாமல் பெய்து நம் தலையை நனைத்துக்கொண்டுதான் இருக்கிறது!

முடிவாக, சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: நம் சங்க விழாக்களிலும், நம் வீட்டு மங்கல நிகழ்ச்சிகளிலும், எந்தத் தாயும் தம் முடியின் அளவுக்காகவோ கணவனை இழந்ததற்காகவோ விலக்கப்படக்கூடாது. விளக்கேற்றுவதற்கு வேண்டியது நல்ல மனமும் நடுங்காத கையும். கை நடுங்கினாலும் குற்றமில்லை; பிடித்துக்கொள்ள நாம் இருக்கிறோம்.

இரண்டு: வீட்டு ஆண்களுக்கு. மனைவியோ தாயோ கூந்தலைக் குறைக்க விரும்பினால், 'ஊர் என்ன சொல்லும்?' என்று தொடங்காதீர்கள். 'கை வலிக்கிறதா?' என்று தொடங்குங்கள். நீளமாகவே வைத்திருக்க விரும்பினால், ஞாயிற்றுக்கிழமை ஒரு பொழுது வெந்நீர் காய்ச்சிக் கொடுங்கள். சீப்பைக் கையில் எடுக்கவும் வெட்கப்படாதீர்கள்.

மூன்று: முதியோரைப் பேணும் இளைஞர்களுக்கு. கத்தரிக்கோலை எடுக்கும் முன் கேளுங்கள். அவர்கள் 'வேண்டாம்' என்றால், அன்றைக்கு அதைக் கீழே வையுங்கள். மற்றொரு நாள் அருகில் அமர்ந்து பேசுங்கள்.

திருவள்ளுவப் பெருந்தகை, துறவியரைப் பற்றிப் பேசுமிடத்தில், தலைமுடியின் கோலம் ஒழுக்கத்துக்கு அளவுகோலாகாது என்று தெளிவுபடுத்தினார். உலகத்தை விட்டவருக்கே அக்கோலம் பொருட்டில்லையென்றால், உலகத்தைத் தோளில் சுமந்து நம்மையெல்லாம் ஆளாக்கிய தாய்மாருக்கு அதை ஏன் பொருட்டாக்குகிறோம்? ஆகவே, 'அகவை முதிர்ந்த பெண்கள் நீண்ட கூந்தலைப் பேண வேண்டுமா?' என்று செயலாளர் தந்த வினாவுக்கு என் விடை இதுதான்: பேண விரும்புவோர் பேணட்டும், குறைக்க விரும்புவோர் குறைக்கட்டும், நாம் அவர்களைப் பேணுவோம்.